ஐந்தாம் சிலிண்டர்

மே 6, செவ்வாய்

அந்த ட்றக் இன்னும் விலைப்படவில்லை. என் பள்ளிக்கூட பஸ் போகிற பாதையில், சரளைக்கல் தெரு திரும்பும் இடத்தில் ஒரு பண்ணை. போன வாரம்தான் அதை வாசலுக்கு இழுத்து விட்டிருக்கிறார்கள். எழுபத்தாறாம் ஆண்டுப் பிக்கப். மாம்பழச் சதையின் நிறம். கதவுகளின் அடியில் துரு. கண்ணாடியில் ஓர் அட்டை: 'விற்பனைக்கு. பெரிய எஞ்சின். ஓடும்.' 'ஓடும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு, அதற்கும் கீழே விலை. அந்தக் கோடுகளைப் பார்த்தாலே ஓடுமோ என்ற சந்தேகம் வருகிறது.

சும்மா பார்ப்பதற்காக பஸ்ஸை மெதுவாக்கினேன். "மிஸிஸ் கௌரி, ஏன் நிக்கிறீங்கள்?" என்று பின்னாலிருந்து பிள்ளைகள் கேட்டார்கள். மான் போனது என்று சொல்லிவிட்டேன்.

பிறகு உடுப்புத் தோய்த்தேன். மின்சாரக் கட்டணம் கட்டினேன்.

மே 8, வியாழன்

இன்றைக்கும் மான்.

மே 10, சனி

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எழுத்துக் கோணலாகப் போகிறது.

இதை எங்கே தொடங்குவது? போன வருட ஜூலையில், இங்கே றெட் டியர் நகரில் நடந்த கண்காட்சிக்கு பஸ் யார்ட்டில் எல்லோருக்கும் ரிக்கற் கொடுத்தார்கள். மாடு, குதிரை, பூசணிக்காய் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ட்றக் இழுவைப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பழைய பிக்கப் ஒன்றின் பின்னால் பாரமேற்றிய சறுக்கு வண்டியைச் சங்கிலியால் கொழுவி விடுகிறார்கள். ட்றக் முன்னுக்குப் போகப் போக அந்தப் பாரம் தானாக நகர்ந்து ட்றக்கின் பக்கம் வருகிறது. தூரம் கூடக் கூட இழுவை கடினமாகும். எவ்வளவு தூரம் இழுத்தாய் என்பதுதான் கணக்கு. எனக்கு யாரையும் தெரியாது. ஆனால் தொண்டை அடைக்குமட்டும் கத்தினேன். என் கணவர் சிறீ மாரடைப்பில் போய் இரண்டு வருடமாகியிருந்த நேரம் அது. என் குரல் அவ்வளவு பெரியது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சரி, ட்றக்குக்கு வருகிறேன். பண்ணைக்காரியின் பெயர் டொறீன். எழுபது தாண்டியிருக்கும். வாயில் பல்லுக்குச்சி.

"இந்த எஞ்சின் இந்த வண்டியோட வந்ததில்லை" என்றார். "என்ர தம்பி எங்கயோ ஒரு தானிய லொறியில இருந்து கழட்டி இதுக்குள்ள இறக்கினவன். பெரிசு எண்டு சொல்லுவான். எவ்வளவு பெரிசு எண்டு எனக்குத் தெரியாது. அவனைக் கேக்கலாம். ஆனா இப்ப அவனுக்கு மறதி, எதைக் கேட்டாலும் மழை வருமோ எண்டுதான் சொல்லுவான்."

சாவியைத் தந்தார். முறுக்கினேன். இரண்டு தரம் இருமியது. மூன்றாவது முறை பிடித்தது. சத்தம் காதால் வரவில்லை, இருக்கையால் ஏறி முதுகெலும்பு வழியாக வந்தது. காலை மெல்ல அமத்தினேன். வண்டி முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்து நிமிர்ந்தது. நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. டொறீன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு 'டிக் டிக் டிக்'.

"வாற சனிக்கிழமை இன்னொராள் பாக்க வாறார்" என்றார் டொறீன். "அதுக்கு முதல் உன்ர மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வா."

என்னிடம் ஏது மெக்கானிக்?

மே 12, திங்கள்

எங்கள் பஸ் யார்ட்டில் எஞ்சின் வேலை செய்கிற அன்ரனைக் கேட்டேன். குருநகர் ஆள். ஊரில் படகு எஞ்சினில் கை பழகியவர். மனைவி பிரிந்து போய்ப் பல வருடம். என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'அக்கா' என்பார். மரியாதைக்குத்தான். இரண்டு வருடமாக பிறேக்கைப் பற்றித் தவிர நாங்கள் வேறொன்றும் கதைத்ததில்லை.

"அன்ரன், பழைய பிக்கப் ஒண்டு பாக்க வருவீங்களோ?"

"ஆருக்கு அக்கா?"

"ஒராளுக்கு."

"அந்த ஒராள் ஆர்?"

"வருவீங்களோ, மாட்டீங்களோ?"

"வாறன், வாறன்" என்று சிரித்தார்.

பின்னேரம் கல்கரியிலிருந்து பாலா அத்தான் போன் எடுத்தார். என் அக்காவின் கணவர். சிறீ போன பிறகு ஒவ்வொரு திங்களும் எடுத்து நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்ப்பார். வாய் தவறி ட்றக்கைச் சொல்லிவிட்டேன்.

"உனக்கென்ன விசரே கௌரி? அம்பது வருசத்து இரும்பு. நீ தனிய இருக்கிற மனுசி. ஒரு நல்ல சின்னக் கார் இருக்குத்தானே?"

ஓம் அத்தான், ஓம் அத்தான் என்று சொல்லி வைத்தேன்.

மே 17, சனி

ஒன்றும் விடாமல் எழுதவேண்டும்.

காலையில் அன்ரன் தன் கருவிப் பெட்டிகளோடு வந்தார். முதல் கேள்வி, இது உண்மையிலேயே பெரிய எஞ்சின்தானா? வெளியிலிருந்து பார்த்தால் ஏமாறலாம் என்றார். எட்டு சிலிண்டர் எஞ்சின்களில் சின்ன வார்ப்பும் உண்டு, பெரிய வார்ப்பும் உண்டு. பெரியதைத்தான் இங்கே 'பிக் பிளொக்' என்கிறார்கள். வார்ப்பின் பின்பக்கத்தில் ஓர் இலக்கம் இருக்கும். அது கண்ணுக்கு எட்டாத இடம். என் கைப்பையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் கிறீசைச் சுரண்டிவிட்டுக் கண்ணாடியைப் பிடிக்க, நான் ரோச் வெளிச்சம் அடித்தேன். எங்கள் இருவருடைய தலையும் எஞ்சினுக்கு மேலே முட்டிக்கொண்டு நின்றன. இலக்கத்தைத் தலைகீழாக வாசித்தார். போனில் தேடினார்.

"அக்கா... இது பெரிசுதான். சாதாரணப் பெரிசில்லை. பாரலொறிக்கெண்டே வார்த்தது."

இனி, உள்ளே சுகமா என்று பார்க்கவேண்டும்.

ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்தினோம். தீப்பொறி போடுகிற எட்டு பிளக்கையும் கழற்றி வரிசையாக ஒரு பலகையில் வைத்தார். ஏழு பிளக் நல்ல மண்ணிறம், ஒன்று மட்டும் கறுப்பு. பிறகு ஒவ்வொரு சிலிண்டர் வாயிலும் அமுக்கமானியைப் பூட்டினார். நான் சாவியைத் திருப்பி எஞ்சினைச் சுற்றினேன். நூற்றைம்பது. நூற்று நாற்பத்தெட்டு. நூற்றைம்பத்திரண்டு. நான் கதவுக்கு வெளியே தலையை நீட்டி ஒவ்வொன்றையும் கேட்டேன். பரீட்சை முடிவு வாசிக்கிற மாதிரி இருந்தது.

ஐந்தாம் சிலிண்டர்: தொண்ணூறு.

திரும்பப் பார்த்தார். தொண்ணூறு.

அந்த நேரம் பார்த்து மற்ற ஆள் வந்து சேர்ந்தார். பெரிய வெள்ளை ட்றக், பெரிய தொப்பி. மானியைக் குனிந்து பார்த்தார். "இது முடிஞ்ச கதை. உள்ள தேய்ஞ்சு போச்சு. எஞ்சினைத் தூக்கி எறியவேணும்" என்று டொறீனிடம் சொன்னார். வண்டியின் உடம்பை மட்டும் பழைய இரும்பு விலைக்கு எடுக்கலாமாம். யோசித்துச் சொல்லு என்று தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். டொறீன் பல்லுக்குச்சியை வாயிலிருந்து எடுத்துத் துப்பினார்.

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. என்னுடையதல்லாத ஓர் எஞ்சினுக்காக அழுகிறவள் யார்?

அன்ரன் ஐந்தாம் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி பார்த்தார். உள்வளையங்கள் தேய்ந்திருந்தால் ஒயில் இடைவெளியை அடைக்க, அமுக்கம் கூடவேண்டுமாம். கூடவில்லை. பிறகு சிலிண்டருக்குள் காற்றடித்தார். ஓட்டை எங்கே இருந்தாலும் சீறும் என்றார். நாங்கள் இரண்டு பேரும் காது வைத்துக் கேட்டோம். புகைக்குழாயில் சத்தமில்லை. மேலே காற்று இழுக்கிற வாயிலும் இல்லை. றேடியேற்றரில் குமிழியும் இல்லை.

"காத்து வெளிய போகேல்லை. அப்ப ஏன் அமுக்கம் இல்லை?" என்று தரையில் குந்திவிட்டார்.

நான் சொன்னேன்: "போகாட்டி, உள்ளுக்கு வரேல்லையோ?"

என்னை அண்ணாந்து பார்த்தார். எழும்பி, மேல்மூடியைக் கழற்றத் தொடங்கினார். உள்ளே வால்வுகளை அமத்தித் திறக்கிற சின்ன இரும்புக் கைகள் வரிசையாக இருந்தன. இம்முறை அவர் உள்ளே ஏறிச் சாவியைத் திருப்ப, நான் குனிந்து நின்று பார்த்தேன். ஒவ்வொரு கையும் கும்பிடுகிற மாதிரிக் குனிந்து நிமிர்ந்தது. ஒன்றைத் தவிர. அது மட்டும் அரைக் கும்பிடு.

"அன்ரன்! ஒண்டு வடிவாக் குனியேல்லை!"

பாய்ந்து வந்தார். அந்தக் கையைப் பிடித்திருந்த நட்டு தளர்ந்து மேலே ஏறியிருந்தது. அதனால்தான் வால்வு பாதிதான் திறந்தது. சிலிண்டருக்குள் போதிய காற்றுப் போகவில்லை. 'டிக் டிக்' சத்தமும் அதுதான். ஒரு நட்டு! என் கட்டைவிரல் நகமளவு நட்டு! தன் பெட்டியிலிருந்து புதிது ஒன்றை எடுத்துப் போட்டு, அளவு பார்த்து இறுக்கினார். மானியைப் பூட்டினார். நான் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன்.

"கௌரி, இஞ்ச வந்து பாருங்கோ! நூற்றைம்பது!"

எஞ்சின் சத்தத்தில் 'அக்கா' என் காதில் விழவில்லையாக்கும்.

பிளக்குகளைப் பூட்டி ஓடவிட்டோம். டிக் இல்லை. ஒரே சீராக, ஆழமாக, ஒரு மிருகம் நித்திரையில் மூச்சுவிடுகிற மாதிரி. டொறீனின் நாய் தானும் ஓடி ஓடிக் குரைத்தது.

அன்ரன் என்னருகில் வந்து மெல்லச் சொன்னார்: "இப்ப ஒண்டும் சொல்லாம விட்டா, அந்தத் தொப்பிக்காரன் சொன்ன விலைக்கே எடுக்கலாம்."

"ஓம்" என்றேன். பிறகு டொறீனிடம் போய், பழுது ஒரு நட்டுத்தான், எஞ்சின் நல்ல சுகம், பாரலொறிக்கென்று வார்த்த விசேஷமான ஒன்று என்று எல்லாவற்றையும் சொன்னேன். டொறீன் கண்ணாடியிலிருந்து அட்டையை உருவினார். "அட்டையில போட்ட விலைதான்" என்றார். "ஆனா ஒண்டு. இதை நீ என்ன செய்யிறாயோ, அதை நான் வந்து பாக்கவேணும்."

அன்ரன் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

மே 18, ஞாயிறு

நேற்று எழுதியதில் ஒரு பிழை. அமுக்கம் பார்க்கும்போது எஞ்சின் ஓடுவதில்லை. 'அக்கா' என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்கும்.

மே 25, ஞாயிறு

ட்றக் வீட்டு வாசலில். மகள் ஆரணி கல்கரியிலிருந்து வந்தாள். அங்கே நேர்சிங் படிக்கிறாள்.

"அம்மா, என்ன இது?"

"தோட்டத்துக்கு உரம் ஏத்த."

"எங்களுக்குத் தோட்டமே இல்லையே!"

"இனிப் போடலாம்."

தக்காளிக் கன்று ஆறு வாங்கி நட்டேன்.

ஜூன் 7, சனி

அன்ரன் வந்தார். காபுரேற்றரைக் கழற்றிக் கழுவினோம். பிறேக்கைப் புதிதாக்கினோம். இடியப்பமும் சொதியும் மீன் பொரியலும் செய்திருந்தேன். வேலைக்கு வருகிற ஆளுக்குச் சாப்பாடு கொடுக்கத்தானே வேண்டும். அவர் சாப்பிடும்போது பேசமாட்டார். முடித்துவிட்டுத்தான் ஒவ்வொன்றாகச் சொல்வார், எது எப்படி இருந்தது என்று. எனக்கு அது பிடித்திருக்கிறது. அதாவது, அப்படிச் சொல்லும் பழக்கம்.

ஜூன் 14, சனி

கண்காட்சிப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. ஓட்டுநர் யார் என்று கேட்ட இடத்தில் என் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு அன்ரனின் முகத்தைப் பார்த்தேன். அவர்தான் ஓட்டப்போகிறார் என்று நினைத்திருப்பாரோ என்று ஒரு பயம்.

"அந்த ஒராள் நீங்கள்தான் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார்.

அவர் கார் போன பிறகும் கொஞ்சநேரம் வாசலில் நின்றேன். நல்ல காற்று.

ஜூன் 26, வியாழன்

பள்ளிக்கூடம் முடிந்தது. கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு பஸ்ஸைக் கழுவினேன். அன்ரன் யார்ட்டுக்கு வந்து, வடக்கே மக்மறியில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். பெரிய சுரங்க லொறிகளின் எஞ்சின். அவர் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்த வேலை. ஜூலை முடிவில் போகவேண்டும்.

"நல்லது, சந்தோசம்" என்றேன்.

நல்ல மெக்கானிக் கிடைப்பது கஷ்டம். அதுதான் யோசனையாக இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

சமைக்கவில்லை. பாண் சாப்பிட்டேன்.

ஜூலை 5, சனி

டொறீனின் வெறும் வயலில் பழகினோம். பழைய கட்டிலொன்றில் கல்லேற்றிக் கட்டி இழுத்தேன். கிளட்ச்சை விட்ட வேகத்தில் நாலு தரம் நின்றுபோனது.

"அவசரப்படாதேங்கோ கௌரி. முதல் சங்கிலி இறுகவேணும், பேந்துதான் கால்."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் நிக்குது?"

"நீங்கள் போற ஆள்தானே. நான் தனியத்தானே பழகவேணும். விடுங்கோவன்."

அவர் போய் வேலியோரம் நின்றார். ஐந்தாவது தரம் சங்கிலி இறுகும்வரை பொறுத்தேன். எஞ்சின் ஒருக்கால் உறுமியது, கட்டில் புல்லைக் கிழித்துக்கொண்டு வந்தது, வயலின் மறு எல்லை வரைக்கும்! திரும்பிப் பார்த்தபோது அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்கும் கையை உயர்த்தத் தோன்றியது. உயர்த்தவில்லை.

அப்படிக் கதைத்திருக்கக்கூடாது.

ஜூலை 17, வியாழன்

ஆரணி எடுத்தாள். கண்காட்சியின் இணையப் பக்கத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டாளாம்.

"அம்மா, அது ஆபத்து. அப்பாவும் போயிட்டார். உங்களுக்கும் ஏதும் நடந்தா எனக்கு ஆர்?" என்று அழுதாள்.

நான் அவளை அழவிட்டேன். பிறகு சொன்னேன்: "பிள்ளை, நான் சாகிறதுக்கு இதை ஓடேல்லை. மூண்டு வருசமா எனக்குக் காலமை எழும்பிறதுக்கு உன்னை விட்டா ஒண்டுமில்லை. இப்ப நான் மணிக்கூடு அடிக்க முதலே எழும்பிறன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஹெல்மெற் போடுவீங்களோ?" என்றாள்.

"போடுவன்."

ஜூலை 19, சனி

மூன்றாம் இடம்!

முதலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வகுப்பில் பதினொரு ட்றக். என் முறை ஏழாவது. ஒலிபெருக்கியில் என் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு 'கோரி' என்று முடித்தான். கூட்டம் சிரித்தது. ஹெல்மெற்றுக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது. போட்டிக்காரர்கள் சங்கிலியைக் கொழுவினார்கள். வேலியோரம் அன்ரன். அவருக்குப் பக்கத்தில் டொறீன். டொறீனுக்குப் பக்கத்தில் யார் தெரியுமா? ஆரணி! விடியவே கல்கரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

பச்சைக் கொடி விழுந்தது.

சங்கிலி இறுகுமட்டும் பொறுத்தேன். பிறகு காலை அமத்தினேன். முழுதாக, தரை வரைக்கும்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? எட்டும் சேர்ந்து பாடின. வண்டியின் முன்பக்கம் எழும்பி எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. மண் பறந்தது. நூறு அடி ஒரு மூச்சில் போனது. இருநூறில் பின்னால் பாரம் ஏறி அமர்வதை முதுகில் உணர்ந்தேன். எஞ்சின் குரல் தாழத் தொடங்கியது, ஆனால் விடவில்லை. ஒவ்வோர் அடியாக, பல்லைக் கடித்துக்கொண்டு. "இழு, இழு, இழு!" என்று நான் தமிழில் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு டயர் மண்ணைத் தோண்டி நின்றது. சிவப்புக் கொடி.

இருநூற்று எழுபத்தெட்டு அடி! எனக்கு முன்னால் ஓடிய ஆறு பேரில் ஒருவர்தான் என்னைவிடக் கூட. பின்னால் வந்தவர்களில் ஒருவர் என்னைத் தாண்டினார். அவ்வளவுதான்.

வெளியே இறங்கினேன். ஆரணி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "அம்மா, உங்கட குரல் இஞ்ச வரைக்கும் கேட்டது!" டொறீன், தம்பிக்குப் போன் எடுத்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கப் பிடித்தாராம். இம்முறை தம்பி மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

அன்ரன் முதலில் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார். கசிவில்லை. புகையில்லை. சூட்டைப் பார்க்க முன்பக்கத்தில் கையை வைத்தார். பிறகு அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்தார். நான் எடுக்கவில்லை. ஆரணி எங்களைப் பார்த்தாள், டொறீனைப் பார்த்தாள், ஐஸ்கிறீம் வாங்கப் போவோம் என்று டொறீனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

அன்ரன் வந்தார். இன்று வேலை ஒன்றும் இல்லை, ஆனாலும் வந்தார். தேத்தண்ணி ஆறுமட்டும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கௌரி, மக்மறிக்கு வரேல்லை எண்டு சொல்லிவிடட்டோ?"

"வேண்டாம். நீங்கள் ஆசைப்பட்ட வேலை. போங்கோ."

அவர் முகம் விழுந்துபோனது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால் மிச்சத்தையும் வேகமாகச் சொல்லி முடித்தேன்.

"செப்டெம்பர் வரைக்கும் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அதுக்குப் பிறகும் வெள்ளி பின்னேரம் வெளிக்கிடலாம். நான் அங்க வாறன்."

"அவ்வளவு தூரம் எதில வாறது?"

யன்னலுக்கு வெளியே காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினார், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

எட்மன்ரன் தாண்டி ஒரு பெற்றோல் கடையில் நின்று எழுதுகிறேன். தாங்கி நிறைகிறது. வானம் துலக்கம். பக்கத்து இருக்கையில் இடியப்பத் தட்டு, ஒரு பெட்டி மீன், இரண்டு நல்ல சீலை.

பாலா அத்தான் எடுத்தார். இன்று திங்கள்கூட இல்லை. ஆரணி ஏதோ சொல்லியிருக்கவேண்டும்.

"எங்க நிக்கிறாய் கௌரி?"

"வடக்க போறன் அத்தான். அன்ரனிட்ட."

பின்னால் அக்கா எதையோ சொல்வது கேட்டது.

"சரி" என்றார் கடைசியில். தொண்டையைச் செருமினார். "ஆறுதலா ஓடு."

"ஓம் அத்தான்" என்றேன்.

ஆறுதலாக ஓடும் எண்ணம் எனக்கில்லை.